முயலுக்குத் தனிப் படுக்கை

ஒசாகாவில் ஹாஸ்டலில் இடம் பிடித்தாயிற்று என்று தியென்ஃபூ சொன்னதும், பாவ்ஜூவின் கையிலிருந்த தோசைத்திருப்பி அப்படியே நின்றுவிட்டது. கல்லில் முட்டைச் சுருள் கருகி வாடை கிளம்பியது. தைவானில், தைனான் நகரத்துச் சந்தைத் தெருவில் இருவரும் காலைச் சிற்றுண்டிக் கடை போட்ட நாள் முதல் அவள் கையில் ஒரு சுருள்கூடக் கருகியதில்லை.

"ஹாஸ்டலா? நீயா?"

"ஏன், நான் போனா ஆகாதா? ஆம்பிளைங்களுக்கு ஒரு மாடி, பொம்பளைங்களுக்கு ஒரு மாடி. அடுக்குக் கட்டில். ஒவ்வொண்ணுக்கும் திரை இருக்கு. குளிக்கிற இடமெல்லாம் பளபளன்னு இருக்காம்."

"அப்போ நீ ஒரு மாடி, நான் ஒரு மாடி?"

"அதைத்தானே சொல்றேன், முதலாளியம்மா." சொல்லிவிட்டு சோயாபால் அண்டாவைக் கிளறப் போய்விட்டான்.

முதலாளியம்மா என்பது தெருவே அவளைக் கூப்பிடும் பெயர்தான். ஆனால் கட்டினவன் வாயில் அந்தப் பெயர் வந்தால், ஒன்று அவனுக்கு ஏதோ வேண்டும், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறான். கருகிய சுருளை ஓரம் தள்ளியபடி இரண்டில் எது என்று யோசித்தாள் பாவ்ஜூ.

யோசிக்காமல் என்ன செய்வாள்? மகள் ஷின்பெய் கல்லூரிக் காலத்தில் தோழிகளோடு கொரியா போய் ஹாஸ்டலில் தங்கியபோது இதே ஆள் என்ன பேச்சுப் பேசினான்! "முன்பின் தெரியாதவன் குறட்டையைக் கேட்கவா கடல் தாண்டிப் போவாங்க? கக்கூஸுக்கு வரிசையில நிக்கணும்னா நம்ம ஊர்க் கோயில் விழாவுக்குப் போனாப் போதாதா?" தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற பிறவி அவன். அப்படிப்பட்டவன் திடீரென்று நாலு கால் என்கிறான்.

அதுவும் எந்தப் பயணத்தில்? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போகிற பயணத்தில். பொழுது விடியுமுன் எழுந்து மாவு கரைக்கிறவளுக்கு ஹோட்டல் என்றால் என்ன? வேறு யாரோ விரித்து வைத்த படுக்கை. அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது.

தைபேயில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவா ஹாஸ்டல் எடுத்திருக்காரு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சிரித்தாள் ஷின்பெய். "நல்லதுதாம்மா. ஹோட்டல்ல கதவைச் சாத்தினா நீங்க ரெண்டு பேர் மட்டும்தான். ஹாஸ்டல்னா புதுசா நாலு பேரோட பழகலாம்."

"உங்கப்பன் புதுசா யாரோடடி பழகணும்?"

அந்தக் கேள்வி பாவ்ஜூவின் வாயிலிருந்து வந்து அவள் காதுக்குள்ளேயே திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு கண்ணில் படுவதெல்லாம் அதற்குத் தீனி போட்டது. தியென்ஃபூ போனைக் கவிழ்த்து வைக்கிறான். மத்தியானம் கடை கழுவியதும் "சும்மா நடந்துட்டு வரேன்" என்று கோயில் பக்கம் போகிறான். யாரும் சொல்லாமலே புது பனியன் வாங்கியிருக்கிறான். ஐம்பத்து நாலு வயதில் ஒருத்தன் தானாகப் பனியன் வாங்கினால் அதற்கு என்ன அர்த்தம்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் பெரிதாய்ப் பொய் சொல்லி அகப்பட்டதில்லை. பொய் என்று பார்த்தால் அவளிடம்தான் ஒன்று இருந்தது. அது இப்போதைக்குக் கிடக்கட்டும், அதற்கான இடம் வரும்.

ஒசாகாவில் அந்த ஹாஸ்டல் ஒரு சின்னத் தெருவில், ஐந்து மாடிக் கட்டிடமாக நின்றது. எதிரே ஒல்லியாக ஒரு ஹோட்டல். அதன் வாசலில் நின்ற தொப்பிக்காரன் யாருக்கோ குனிந்து வணக்கம் வைப்பதைப் பார்த்து பாவ்ஜூ பெருமூச்சு விட்டாள். தியென்ஃபூ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் மாடிக்கு அட்டையைக் காட்டினால் பெண்களுக்குத்தான் கதவு திறக்கும், நான்காம் மாடி ஆண்களுக்கு. லிஃப்டில் அவளை இறக்கிவிட்டு, "ராத்திரி ஏதாவது ஒரு மாதிரி இருந்தா உடனே போன் பண்ணு, என்ன?" என்றான்.

"ஒரு மாதிரின்னா?"

"ஒரு மாதிரின்னா ஒரு மாதிரிதான்." லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

வெளியூரில் எந்த அறைக்குள் போவதானாலும் மூன்று முறை கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தைனானில் இதைச் செய்யாதவர் குறைவு. பாவ்ஜூவின் மாமியார் ஒரு படி மேலே போய், பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றி வரும் ஆண்டுகளில் யார் எந்த ஆண்டில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஆள் யாரென்று தெரிந்தால் அவர்கள் வம்புக்கு வர மாட்டார்களாம். பாவ்ஜூ பெட்டியை நிறுத்தினாள், தட்டினாள், தலை குனிந்தாள்.

"மன்னிக்கணும், தொந்தரவு குடுக்கறேன். தைனான்லேந்து வரேன். முயல் ஆண்டுப் பொம்பளை ஒருத்தி. நாலு நாள் தங்கிட்டுப் போயிடறேன்."

"நான் குரங்கு ஆண்டு," என்றது உள்ளிருந்து ஒரு குரல், அட்சரம் பிசகாத தைவான் பேச்சில். "கதவு திறந்துதான் இருக்கு, வாங்க."

பாவ்ஜூ அலறிய அலறலில் எதிர் அறையிலிருந்து இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். உள்ளே கீழ்க்கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த லியாவ் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தைனானுக்குத் தெற்கே காவ்ஷியுங் ஊர்க்காரி. புருஷனை விட்டுப் பத்து வருஷம் ஆகிறதாம், அன்று முதல் ஊர் ஊராகச் சுற்றுகிறாளாம்.

"தனியாவா வந்தே, தங்கச்சி?"

"இல்ல அக்கா. புருஷன் மேல் மாடியில இருக்காரு."

லியாவ் அக்கா தூரிகையைப் புட்டிக்குள் வைத்தாள். "எதிர்லயே ஹோட்டல் இருக்கு. அங்க ரெண்டு பேர் படுக்கற அறை இருக்கு. கட்டின பொண்டாட்டியைக் கீழ் மாடியில விட்டுட்டு மேல் மாடியில படுக்கறான்னா…" என்று இழுத்தாள். "நான் ஒண்ணும் சொல்லலைப்பா. என் வீட்டுக்காரனும் முதல்ல தனிப் படுக்கைன்னுதான் ஆரம்பிச்சான்."

ஒன்றும் சொல்லவில்லையாம்! எரிகிற கொள்ளியில் எண்ணெயை ஊற்றிவிட்டு அவள் நிம்மதியாக நகத்தை ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கோட்டை பார்த்தார்கள், மீன் சந்தை பார்த்தார்கள், மாவு உருண்டைக்குள் ஆக்டோபஸ் வைத்துச் சுடுவதைப் பார்த்து "நம்ம கல்லு இன்னும் சூடு அதிகம்" என்று தொழில் பேசினார்கள். ஆனால் தியென்ஃபூவின் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. நெற்றியில் ஒரு வீக்கம். கேட்டால் மேல் கட்டிலில் எழும்போது கூரையில் இடித்துக்கொண்டேன் என்றான். தூங்காத முகம். குற்றம் செய்தவன் முகம் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்தாள் பாவ்ஜூ. அடிக்கடி அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். படியில் ஏறினால் முழங்கையைப் பிடித்தான். சாலையைக் கடந்தால் கையைப் பிடித்தான். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்தவன் இல்லை. விட்டுவிட்டுப் போகிறவன்தான் கடைசி நாளில் இத்தனை அன்பு காட்டுவான் என்று லியாவ் அக்கா அதற்கும் விளக்கம் சொன்னாள்.

அன்று மாலை பாவ்ஜூ கேட்டே விட்டாள். "எதிர் ஹோட்டல்ல அறை காலியா இருக்காம். மிச்ச நாளுக்கு அங்க போயிடலாமா?"

தியென்ஃபூவின் முகம் வெளுத்துப் போனது. "வேண்டாம்! இங்கயே நல்லாத்தானே இருக்கு? நீ வேற, சும்மா இரு."

அவளோடு ஒரே அறையில் படுப்பதற்கு ஒரு மனுஷன் இப்படிப் பயப்படுவானா?

கடைக்காரர்களுக்கு விடுமுறையிலும் விடியுமுன் விழிப்பு வந்துவிடும். மறுநாள் காலை அவள் கீழே பொதுச் சமையலறைக்கு வந்தபோது, அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தியென்ஃபூ போனில் பேசிக்கொண்டிருந்தான். சட்டியில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது. மேசையில் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கிண்ணத்தில் எதையோ பாலில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தான். பாவ்ஜூ கதவருகே நின்றாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் தியென்ஃபூ தணிந்த குரலில். "இல்லைங்க. சத்தியமா தனித்தனியாத்தான் படுக்கறோம். ஒரு நாள்கூட சேர்ந்து படுக்கலை. நீங்க சொன்ன மாதிரியே."

போனில் ஒரு பெண் குரல் கேட்டது. "அப்படியே இருங்க. ஊருக்கு வந்ததும் நேரா என்னை வந்து பாருங்க."

"யாருய்யா அவ?"

தியென்ஃபூ துள்ளித் திரும்பினான். போன் கையிலிருந்து நழுவிச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தப் பையனுக்கு மொழி புரியாவிட்டாலும் நிலவரம் புரிந்தது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே போய்விட்டான்.

"பாவ்ஜூ, நீ நினைக்கிற மாதிரி இல்ல…"

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? இருபத்தஞ்சு வருஷம் உன் கடையில, உன் கல்லு முன்னாடி வெந்தேன். அவ யாருன்னு சொல்லு. இல்லேன்னா நான் இன்னைக்கே விமானம் ஏறறேன்."

"சொல்லக் கூடாது. சொன்னா பலிச்சிடும்."

"எது பலிச்சிடும்?"

அவன் அடுப்பை அணைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "லோ அம்மா. கோயில் சந்துல குறி சொல்றவங்க. கடையைப் பூட்டிட்டுக் கிளம்ப நல்ல நாள் கேட்கத்தான் போனேன். உன் பொறந்த வருஷத்தைக் கேட்டாங்க, முயல்னு சொன்னேன். அவங்க முகமே மாறிடுச்சு. இந்த வருஷம் முயல் பொம்பளை கடல் தாண்டி வடகிழக்கே போனா, புருஷன் படுக்கற அறையில படுக்கக் கூடாதாம். படுத்தா புருஷனுக்கு ஒண்ணும் ஆகாதாம். அவளுக்குத்தான்…"

"செத்துப் போவேனா?"

"வாயைக் கழுவு!"

"அப்போ பயணமே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ அதுக்குள்ள பெட்டி வாங்கிட்டே. தினம் அதைத் திறந்து திறந்து பார்த்தே. எனக்கு மனசு வரலை."

"ஹோட்டல்ல ரெண்டு அறை எடுக்கறதுதானே?"

"எடுத்தா நீ சும்மா விடுவியா? அதோட, தனி அறையில ராத்திரி உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பார்ப்பா? இங்கன்னா எட்டுப் பொம்பளைங்க மூச்சு விடற இடம். யாராவது சத்தம் கேட்டு எழுந்திருப்பாங்க. நான் மேல படுத்துக்கிட்டு, கீழ் மாடியில ஏதாவது சத்தம் கேட்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். எங்க தூங்கறது?"

பாவ்ஜூவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகை வந்தது. இந்தத் தடியனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. அவன் நெற்றி வீக்கத்தைத் தொட்டாள். அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவன் விடவில்லை.

"ஊருக்குப் போனதும் பின்கட்டுல சரக்கு அறையில எனக்கு ஒரு கட்டில் போட்டுக்கறேன். கெட்ட காலம் எப்போ விலகும்னு லோ அம்மா சொல்ற வரைக்கும் அதுதான் எனக்குப் படுக்கை. அவங்க பார்த்துச் சொல்வாங்க."

லோ அம்மாவா, சீக்கிரம் விலகிவிட்டது என்று சொல்வாள்? தினம் வந்து கும்பிடுகிறவனை எந்தக் குறிகாரி விடுவாள்?

இப்போது அந்தப் பொய்க்கு இடம் வந்துவிட்டது. பாவ்ஜூ பிறந்தது புலி ஆண்டின் கடைசி மாதம். புதுவருஷத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. புலிப் பெண்ணை எந்த வீட்டில் ஏற்பார்கள்? மாமியாரை விழுங்குவாள், புருஷனை மெல்லுவாள் என்பார்கள். அவள் அப்பா புத்திசாலி. புதுவருஷம் கழியும் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, முயல் ஆண்டில் பிறந்ததாகப் பதிந்துவிட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா அவள் காதில் சொன்னாள், "இது உன்னோட இருக்கட்டும்." பன்றி ஆண்டில் பிறந்த மகனுக்கு முயலைப் போலப் பொருத்தம் உண்டா என்று மாமியார் பூரித்துப் போனாள். அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. தியென்ஃபூவின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. மணமக்களின் கட்டிலை விரிக்க, புருஷனும் பிள்ளையும் நன்றாக இருக்கிற ராசிக்காரி வேண்டும் என்று மாமியார் பாவ்ஜூவைத்தான் கூப்பிட்டாள். புலியில் பிறந்தவள் அந்த அறையை எட்டிப் பார்க்கவே கூடாது. என்ன சாக்குச் சொல்வாள்? போனாள், விரித்தாள். இரண்டு வருஷம் முடியுமுன் அந்தப் பெண் தம்பியை விட்டுப் போய்விட்டாள். "எந்தப் பாவியோட காத்து பட்டதோ!" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது, பாவ்ஜூ பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சொன்னால் அவன் தாங்குவானா? சொல்லாவிட்டால் சரக்கு அறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே, இல்லாத ஆபத்துக்குக் காவல் இருந்தே இவன் செத்துப்போவான்.

"நான் முயல் இல்ல," என்றாள்.

"பின்னே?"

"புலி."

தியென்ஃபூ அவளையே பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா செய்ததை, அம்மா சொன்னதை, எதையும் விடாமல். அவன் முதலில், "இல்லாத முயலுக்காகவா நான் மண்டையை உடைச்சுக்கிட்டேன்?" என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி கட்டிலை நீதானே விரிச்சே?"

அவள் தலையாட்டினாள்.

"இத்தனை வருஷமா பக்கத்துல படுத்துக்கிட்டு… வேற என்னென்ன மறைச்சிருக்கே?"

"வேற ஒண்ணும் இல்ல."

"அதை நான் எப்படி நம்பறது?" அவன் எழுந்து வெளியே போய்விட்டான். முட்டை சட்டியோடு ஒட்டிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் லியாவ் அக்கா ஆவலாக வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன தங்கச்சி, மாட்டினானா?"

"மாட்டினது நான்தான் அக்கா," என்றாள் பாவ்ஜூ. லியாவ் அக்கா சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பாவ்ஜூ பெட்டியைக் கட்டி எடுத்துவந்து கீழே வரவேற்பு மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம் ஆகியும் அவன் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. காலையில் அவன் யாரோடோ போய்விடுவான் என்று பயந்தாள். இப்போது யாருமே இல்லாமல், அவளால் மட்டுமே போய்விட்டானே என்று நினைத்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது. மூத்தவனின் மனைவி புலி என்று ஊருக்குத் தெரிந்தால், தம்பியின் வாழ்க்கைக் கணக்கு அவள் தலையில்தானே விடியும்?

வெயில் சாயும்போது தியென்ஃபூ வந்தான். பேசாமல் மேலே போனான். தன் பையோடு இறங்கி வந்தான். சரி, கிளம்பிவிட்டான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பெட்டியை எடு," என்றான்.

"எங்க?"

"எடுன்னா எடேன்."

தெருவைக் கடந்தான். தொப்பிக்காரன் குனிந்து வணங்கினான். ஹோட்டல் லிஃப்டில் ஏறிய பிறகுதான் தியென்ஃபூ வாயைத் திறந்தான்.

"தம்பிக்குப் போன் பண்ணேன். உன் கல்யாணம் எதனாலடா முறிஞ்சுதுன்னு கேட்டேன்."

"ஐயையோ! என்னைப் பத்திச் சொல்லிட்டியா?"

"சொல்லலை. 'சீட்டாட்டத்தாலதான், ஊருக்கே தெரியுமே, இதைக் கேட்கவா ஜப்பான்லேந்து போன் போட்டே'ன்னு திட்டறான். ராத்திரி ராத்திரி சீட்டுக்குப் போனவன் அவன். தனியா உட்கார்ந்து அழுதவ அவ. நடுவுல நீ எங்க வந்தே? விரிச்ச விரிப்பு என்னடி பண்ணும்?" அவன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "கோபம் போகலை. போகவும் நாளாகும். ஆனா நீ இத்தனை வருஷம் இதை ஒத்தையாத் தூக்கிச் சுமந்தே பாரு, அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது."

பாவ்ஜூ அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. அவங்களுக்கு எண்பது வயசு. அவங்க வரைக்கும் நீ முயலாவே இருந்துட்டுப் போ."

"லோ அம்மாகிட்ட?"

"அவங்ககிட்ட புலிக்கு இந்த வருஷம் எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா…"

"கேட்டே, கொன்னுடுவேன்."

"பார்த்தியா, பாய வருது," என்றான். அன்று அவன் முகத்தில் முதல் முறையாக ஒரு முழுச் சிரிப்பு தெரிந்தது.

அறைக் கதவு முன்னால் பையைக் கீழே வைத்தான். வழக்கமாக அவள்தான் தட்டுவாள். இன்று அவன் தட்டினான், மூன்று முறை. தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிக்கணும், தொந்தரவு குடுக்கறோம். தைனான் ஆளுங்க. பன்றி ஆண்டு ஆம்பிளை ஒருத்தன்…" என்று சொல்லி நிறுத்தினான். அவளைப் பார்த்தான். "மிச்சத்தை நீ சொல்லு."

எத்தனை ஊரில், எத்தனை கதவு முன்னால் அவள் பொய் சொல்லியிருக்கிறாள்! உள்ளே இருப்பவர்களுக்கு உண்மை தெரிந்திருக்குமோ என்று ஒவ்வொரு முறையும் பயந்திருக்கிறாள்.

"புலி ஆண்டுப் பொம்பளை ஒருத்தி," என்று முணுமுணுத்தாள்.

"அவங்களுக்குக் காது கேட்க வேண்டாமா? சத்தமா சொல்லு."

"புலி ஆண்டுப் பொம்பளை ஒருத்தி!" அவள் போட்ட சத்தத்தில் எதிர் அறைக் கதவு திறந்து ஒரு ஜப்பானியக் கிழவர் எட்டிப் பார்த்தார். தியென்ஃபூ அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தான்.

உள்ளே வேறு யாரோ விரித்து வைத்த படுக்கை, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. பாவ்ஜூ அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாகத் தூங்காத தியென்ஃபூ சட்டையைக்கூடக் கழற்றாமல் அதில் விழுந்தான். பாதித் தூக்கத்திலேயே கையை நீட்டிப் பக்கத்தில் தட்டினான்.

"வந்து படு. தூக்கத்துல கடிச்சு வச்சுடாதே."